பூங்கா அட்டையில் ஒரு மகள்

என் மேசை இழுப்பறையில் ஓர் அட்டை இருக்கிறது. சந்தன நிறச் சார்ட் தாளைப் போஸ்ட்கார்டு அளவுக்கு வெட்டி, மேலே கண்ணாடித் தாள் ஒட்டி நானே செய்தது. வலது மூலையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பதினான்கு என்ற எண். அதன் கீழே ‘பூங்கா’ என்று தலைப்பு, தலைப்புக்குக் கீழே என் கையெழுத்தில் பதினோரு வரி ஆங்கிலம். ஓரங்களில் கண்ணாடித் தாள் பிரிந்து, எத்தனையோ பேருடைய கட்டைவிரல் அழுக்கு உள்ளே ஏறியிருக்கிறது. இதே மாதிரி நாற்பது அட்டைகள் என்னிடம் இருந்தன. மற்ற முப்பத்தொன்பதையும் போன வருடம் கிழித்துப் போட்டேன். இதை மட்டும் கிழிக்கக் கை வரவில்லை.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில், இருபது வருடங்களுக்கு மேலாக ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்து வருகிறேன். வெளிநாட்டுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அதில் பேச்சுக்கென்று ஒரு பகுதி உண்டு. தேர்வாளர் எதிரே உட்கார்ந்து உலகத்திலேயே சாதாரணமான விஷயங்களைக் கேட்பார். உங்கள் ஊர் எப்படி, மழை பிடிக்குமா, பூங்காவுக்குப் போவீர்களா, யாரோடு போவீர்கள். இதற்கா பயம் என்று தோன்றும். ஆனால் தமிழில் வாயை மூடவே தெரியாதவர்கள்கூட, ‘பூங்காவுக்குப் போவீர்களா’ என்று ஆங்கிலத்தில் கேட்டவுடன் கோர்ட்டில் நிற்கிற மாதிரி ஆகிவிடுவார்கள். ஆமாம் என்பார்கள். அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

இதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். முதலில் மாணவர் தனக்குத் தெரிந்தபடி பதில் சொல்ல வேண்டும். அதைப் போனில் பதிவு செய்து எல்லோரும் கேட்க ஓடவிடுவேன். எங்கெங்கே சொதப்பல் என்று சுட்டிக்காட்டிவிட்டு, அந்தத் தலைப்புக்குரிய அட்டையைக் கையில் கொடுப்பேன். அதை மனப்பாடம் செய்து ஏற்ற இறக்கத்தோடு சொல்லும்போது மறுபடி பதிவு செய்வேன். இரண்டு நிமிடம் பேச வேண்டிய இடத்தில் முப்பது நொடியில் நிறுத்துகிறவர்களிடம், கடிகாரத்தைக் காட்டி, “நேரம் இன்னும் இருக்கு, பேசுங்க” என்பேன். புதுப் பதிவு நன்றாக வந்ததும் பழையதை அழித்துவிடுவேன். குப்பையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு நினைப்பு. அந்தப் பழக்கத்தை நினைத்தால் இப்போது என்னையே நாலு போடலாம் போலிருக்கிறது.

அந்த மாடிக்கு சிஸ்டர் வந்தது மூன்று வருடங்களுக்கு முன்னால். ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடமாக இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மருத்துவமனையில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே நாங்களும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். வீடு பிள்ளையார்பாளையத்தில், வீட்டுக்காரர் பட்டுத்தறி நெய்கிறவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு, டிபன் பையும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்வார். ஏழு மணிக்கு எழுந்து அப்படியே டூட்டிக்குப் போய்விடுவார். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரியை அப்போதுதான் முடித்த பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் அவர் பேசாமல், ஆனால் யாரையும் விட அதிக கவனத்தோடு உட்கார்ந்திருப்பார். ஏற்கெனவே ஒரு முறை தேர்வு எழுதி, பேச்சில் மட்டும் மதிப்பெண் குறைந்திருந்தது. இன்னும் இரண்டு முயற்சிக்குள் தேறாவிட்டால், வயதைக் காரணம் காட்டி, வெளிநாட்டுக்கு நர்சுகளை அனுப்பும் ஏஜென்சிக்காரர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார் என்று முதல் நாளே சொன்னார். அவசரம் என்று காட்டிக்கொள்ளாமல், ஊசி போடுவதற்கு முன் நோயாளியிடம் சொல்கிற குரலில் சொன்னார்.

பூங்கா அவருக்கு வந்த அன்றைக்கு நடந்தது வரிக்கு வரி நினைவிருக்கிறது. பூங்காவுக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டேன். தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: மாதம் ஒரு முறை போவேன், அமாவாசையன்று காலையில் போவேன், தனியாகப் போவேன், போய்த் தூங்குவேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. “என்ன சிஸ்டர், பேய் ஓட்டவா அமாவாசையில பார்க்குக்குப் போறீங்க?” என்று கேட்டுவிட்டேன். அவரும் சிரித்தார். நர்சுகளுக்கு அந்தச் சிரிப்பு பழக்கம், யார் என்ன சொன்னாலும் முகத்தில் தயாராக இருக்கும். பதிவை ஓடவிட்டேன், இன்னொரு முறை சிரிப்பு. பிறகு இழுப்பறையிலிருந்து பதினான்காம் அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அட்டையில் இருந்தது இதுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் நாங்கள் குடும்பத்தோடு வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பூங்காவுக்குப் போவோம். எலுமிச்சை சாதம் கட்டி எடுத்துப் போவோம். என் மகள் அணில்களைத் துரத்திக்கொண்டு ஓடுவாள், கையில் பிடிபடாது, ஆனாலும் விடமாட்டாள். களைத்துப் போய் என் மடியில் வந்து விழுவாள். வாரம் முழுவதும் உழைத்த களைப்பு எனக்கு அந்த நிமிடத்தில் போய்விடும். ஆங்கிலத்தில் இதைவிடக் கொஞ்சம் அலங்காரமாக இருக்கும். சிஸ்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதையே சொல்லணுமா சார்?” என்று கேட்டார். “அப்படியே சொல்லணும், ஒரு எழுத்து மாறக்கூடாது” என்றேன். இரண்டு மாதத்தில் அவர் அதைச் சொன்ன அழகைப் பார்க்க வேண்டுமே. அணிலைத் துரத்துகிற இடத்தில் குரல் தானாக ஒரு படி ஏறும், மடியில் விழுகிற இடத்தில் இறங்கும். என் அட்டையை அதுவரை அப்படி யாரும் சொன்னதில்லை. அந்தப் பதிவைச் சேமித்துக்கொண்டு, அமாவாசைப் பதிவை அழித்தேன்.

தேர்வு சென்னையில். மறுநாள் ஐந்து மணிக்கு வழக்கம்போல வந்தார். மற்றவர்கள் வரவில்லை, பிரதோஷக் கூட்டத்தில் பேருந்து எதுவும் நகரவில்லை. நன்றாகப் பேசினீர்களா என்று கேட்டேன். பூங்காவே வந்தது சார் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் பாட்டில் மூடியைத் திறந்து, குடிக்காமல், மறுபடி மூடினார்.

“எல்லாம் சொல்லிட்டேன் சார். எலுமிச்ச சாதம், அணிலு, எல்லாம். பரீட்சை வச்ச அம்மா நல்லா கேட்டுக்கினுதான் இருந்தாங்க. முடிச்ச உடனே சிரிச்சிக்கினே ஒரு கேள்வி கேட்டாங்க. உங்க பொண்ணு பேரு என்னன்னு.”

“ஏதாவது ஒரு பேரு சொல்லியிருக்கலாமே சிஸ்டர்.”

“நாமதான் பேரு வைக்கவே இல்லயே சார்.”

அதற்குமேல் தேர்வு அறையில் அவரால் பேச முடியவில்லையாம். அழுகை வந்துவிட்டது என்று சொல்லும்போது என்னிடம் அழவில்லை. அவருக்குக் குழந்தை இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேட்டதே இல்லை. இரண்டு மாதம் தினமும் ஒரு மகளை அவர் வாயால் சொல்ல வைத்திருக்கிறேன், அந்த மகளை அணில் பின்னால் ஓடவிட்டு, மடியில் விழ வைத்து, ஏற்ற இறக்கம் போதவில்லை என்று இன்னொரு முறை, இன்னொரு முறை என்று சொல்ல வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார், சொல்றதுக்கு நல்லாதான் இருந்துச்சி” என்றார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. வெளிநாட்டுக்கு ஏன் போகிறார் என்பதையும் அப்போதுதான் சொன்னார். “தெருவுல, ஆஸ்பத்திரில, கோயில்ல, எங்க போனாலும் எத்தினி பசங்கன்னு கேக்கறாங்க சார். பதினெட்டு வருசமா கேக்கறாங்க. அத கேக்காத ஊருக்குப் போய்டணும்னுதான் இத்தனயும். கடசில அங்க போறதுக்கான பரீட்சையிலயே கேட்டுட்டாங்க பாருங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார், அதே தயார் சிரிப்பு.

அட்டையைப் பற்றி நான் அவரிடம் சொல்லாத ஒன்று உண்டு. அதை நான் எழுதியபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. ஐயம்பேட்டையில் பெண் பார்த்துவிட்டு வந்த வாரம். பேச்சு அநேகமாக முடிந்த மாதிரிதான், தேதி குறிப்பதுதான் பாக்கி என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அந்த ஜோரில் ஒரே வாரத்தில் நாற்பது அட்டையும் எழுதினேன். எலுமிச்சை சாதம் அந்த வீட்டில் கொடுத்தது. மகளை நானே சேர்த்துக்கொண்டேன், அவளுக்குப் பெயரும் வைத்தேன், எழுத வெட்கமாக இருந்ததால் அட்டையில் எழுதவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் பேச்சு நின்றுவிட்டது, காரணம் இப்போது யாருக்கும் நினைவில்லை. அதற்குப் பிறகு அமைந்தவற்றை நான் தள்ளிப்போட்டேன், பிறகு அமையவே இல்லை. அட்டையை மாற்றி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இருபது வருடமாக யார் யாரோ வந்து என் ஞாயிற்றுக்கிழமையை என் எதிரிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் உச்சரிப்பைத் திருத்துகிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் எந்தப் பூங்காவுக்கும் போனதில்லை. தனி ஆளுக்கு அங்கே என்ன வேலை?

முடிவு வந்தது, எதிர்பார்த்தபடியே அரை மதிப்பெண் குறைவு. இன்னும் ஒரே முயற்சி. அட்டைகளை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சிஸ்டரிடம், நீங்கள் முதல் நாள் சொன்னதையே சொல்லுங்கள், ஏன் அமாவாசை என்று மட்டும் எனக்குப் புரியவில்லை என்றேன். அவர் விளக்கியது இப்போதும் காதில் இருக்கிறது.

“எங்க தெருவுல அமாவாசைக்கு யாரும் தறி ஓட்டமாட்டாங்க சார். அன்னிக்குதான் லீவு. நான் நைட் டூட்டி முடிச்சி காலைல ஒம்போது மணிக்குப் படுப்பேன். பக்கத்துலயே எங்க வீட்டுக்காரர் தறில உக்காந்திருப்பாரு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எதுத்த வீடு, எல்லாத்துலயும் டக்கு டக்குனு ஓடிக்கினே இருக்கும். அந்த சத்தத்துலதான் எனக்குத் தூக்கம் வரும். அமாவாசைக்கு தெருவே கம்முனு இருக்குது பாருங்க, கண்ணு மூட முடியாது. காதுல என்னென்னவோ கேக்கும். அப்புறம், வேலை இல்லன்னா பொம்பளைங்க எல்லாம் வாசல்ல உக்காந்துக்கினு பேசுவாங்க. பேசினா எங்க வந்து நிக்கும்னு உங்களுக்குத்தான் தெரியுமே. அதான், தண்ணி டேங்க் பார்க்குக்குப் போய்டுவேன். அங்க மோட்டார் ஓடும், பஸ் ஓடும். பென்ச்சுல சாஞ்சிக்கினு ஒரு மணி நேரம் தூங்கிட்டு வருவேன்.”

இருபது வருடத்தில் பூங்காவைப் பற்றி நான் கேட்ட ஒரே உண்மையான பதில் அதுதான். இதைத்தான் பேய் ஓட்டுவது என்று கிண்டல் செய்து, அழித்து, அதன் மேல் ஞாயிற்றுக்கிழமையைப் பூசியிருந்தேன். அடுத்த மூன்று மாதம் நான் அதிகம் திருத்தவில்லை. அவர் பேசப் பேசக் கேள்வி மட்டும் கேட்டேன். தறிக்கு ஏன் லீவு, எந்த பெஞ்ச், வீட்டுக்காரர் தேடமாட்டாரா, மழை வந்தால் என்ன செய்வீர்கள். வார்த்தை கிடைக்காவிட்டால் கையால் காட்டுவார், நான் வார்த்தையை எடுத்துக் கொடுப்பேன். அவர் நின்றுவிட்டால், நேரம் இன்னும் இருக்கு, பேசுங்க என்பேன். அந்தச் சாயங்காலங்களில் எனக்கும் ஐந்து மணிக்காக ஒரு காத்திருப்பு வந்துவிட்டது. தப்பாக எதுவும் இல்லை. ஒருவர் நிஜமாகப் பேசுவதைக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

கடைசித் தேர்வில் பூங்கா வரவில்லை. ஓய்வு கிடைத்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டார்களாம். இவர் அமாவாசையில் ஆரம்பித்திருக்கிறார். அந்தத் தேர்வாளர், அவ்வளவு சத்தத்தில் எப்படித் தூங்க முடிகிறது என்று கேட்க, இவர் விளக்க, நேரம் முடிந்துவிட்டது என்று அவரே கைகாட்டி நிறுத்த வேண்டியதாகிவிட்டதாம். பதினைந்து நாளில் முடிவு வந்தது. கோயில் இட்லி ஒரு பொட்டலம், சுக்கும் மிளகும் மணக்க, கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதற்கடுத்த தை மாதம் கிளம்பிவிட்டார். வீட்டுக்காரர் தறியை விட்டு வரவில்லை, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஐந்து மணிக்கு அந்த ஜன்னலோர நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால் எனக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது. ஒரு பிள்ளையை, வெயில் படுகிறது, இந்தப் பக்கம் வா என்று எழுப்பிவிட்டேன். அன்றைக்கு வெயிலே இல்லை. சிஸ்டர் இல்லாதது கஷ்டமாக இருந்தது. வகுப்பு முடிந்து, ஷட்டரை இறக்கிவிட்டு, மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போகிற வழியில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்திருப்பேன். பேசக் கற்றுக்கொடுக்கிறவன் பிழைப்பு இப்படி. அந்த நாட்களில்தான் ஒரு மதியம் அட்டைகளைக் கிழித்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது. “சார், நல்லாருக்கீங்களா? இங்க வேலை பரவால்ல. நம்ம ஊர் மாதிரி இல்ல. யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல சார். எத்தினி பசங்கன்னு கேக்கல. சாப்ட்டியான்னும் கேக்கல. பேருகூட சட்டையில மாட்டியிருக்குது, அத பாத்துப்பாங்க. தினமும் அமாவாசையா இருக்குது சார்.” பிறகு, “எங்க வீட்டுக்காரர ஒருவாட்டி பாத்துட்டு வாங்க சார், போன்ல எல்லாம் நல்லாகீதுன்னேதான் சொல்றாரு” என்றார். கடைசியில், போகிற போக்கில் கேட்கிற மாதிரி, “ஆமா, நீங்க பார்க்குக்குப் போவீங்களா சார்? எங்கள எல்லாம் கேட்டீங்க, நீங்க ஒருவாட்டியும் சொன்னதே இல்லயே.”

மறுநாள் மதியம் பிள்ளையார்பாளையம் போனேன். தெருவில் நுழைந்ததுமே தறிச்சத்தம் இரண்டு பக்கமும் வந்தது. சிஸ்டர் வீட்டுக்காரர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார், மெலிந்த மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், பிறகு பேசாமல் இருங்கள் என்று உதட்டில் விரலை வைத்தார். தறியின் குறுக்குக் கட்டையில் ஒரு போனைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார். திரையில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றே கால் மணி நேரமாக. நெய்வதை நிறுத்தாமல் மெதுவாகச் சொன்னார். “தூங்குது சார். அங்க இப்ப காலைல. டூட்டி முடிச்சி வந்து படுத்தா தூக்கம் வரலன்னு அழுதுச்சி. அதான் தினமும் இப்டி கட்டி வுட்டுடறது. நான் சாப்பாட்டுக்கு எழுந்தாகூட முழிச்சிக்கும். அதனால அது போன் பண்றதுக்கு முன்னாடியே சாப்ட்டுட்டு உக்காந்துடறேன்.” நூலோடு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. “அமாவாசைக்குதான் சார் ஒண்ணும் பண்ண முடியல. தறி ஓட்டக்கூடாதே. அன்னிக்கு மட்டும் அது அங்க முழிச்சிக்கினு இருக்கும், நான் இங்க முழிச்சிக்கினு இருப்பேன்.” நான் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தேன். எனக்கே கண் சொக்கியது.

போன அமாவாசையன்று வகுப்புக்கு விடுமுறை விட்டேன். மதியம் இரண்டு மணிக்கு டேங்க் பார்க்குக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு துண்டு இடம், இரண்டு புங்கமரம், உடைந்த சறுக்குமரம், நாலு பெஞ்ச். எந்த பெஞ்ச் என்று எனக்குத் தெரியும், மூன்று மாதம் கேட்டிருக்கிறேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் பதினான்காம் அட்டை இருந்தது, எதற்கு எடுத்து வந்தேன் என்று தெரியவில்லை. சிஸ்டர் அங்கே விழித்திருக்கிற நேரம். போனை எடுத்துப் பதிவை அழுத்தினேன். பூங்காவுக்கு இதுவரை போனதில்லை, இன்றைக்குத்தான் வந்தேன், தனியாக வந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. மோட்டார் சத்தம்தான் பதிவானது. நாற்பது நொடியில் நிறுத்தி, என் வழக்கப்படி அழித்துவிடலாமா என்று யோசித்து, அழிக்காமல் அனுப்பினேன்.

ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. குரல் அல்ல, எழுத்து.

“நேரம் இன்னும் இருக்குது சார். பேசுங்க.”

அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்துப் புங்கமரத்தில் ஓர் அணில் தலைகீழாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் பதிவை அழுத்தி, இருபத்து மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாத என் மகளின் பெயரை முதலில் சொன்னேன்.